எண்ண வந்த வாரம்

மூடிக் கிடக்கிற ரயில் பாதையைத் திறக்கச் சொல்லி எழுதிய மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டுவிட்டது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். வாழ்நாளில் ரயிலே ஏறாத சலவைக்காரர்கூட, "நான் ஏறினா என்ன, ஏறாட்டி என்ன, ஓடினா பார்க்க நல்லா இருக்கும்" என்று இரண்டு இடத்தில் போட்டார். போடாதது ஒரே ஒரு ஆள். முப்பத்தோரு வருஷம் அந்த ரயிலுக்கே டிக்கெட் கொடுத்து, கொடி காட்டி, விளக்கேற்றி, அந்தச் சம்பளத்தில் வீடு கட்டி, அந்தப் பென்ஷனில் இன்றைக்கும் சாப்பிடுகிற ஸ்டேஷன்காரர்.

இதைவிட வேடிக்கை, அந்த மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியது யார் என்றால், அவர் மனைவி. முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஒரு படி ஏறினால் இரண்டு நிமிஷம் நின்று மூச்சு வாங்குவாள். ஆனால் வாய்க்கு முழங்கால் கிடையாது. அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மைக்கக்கா. பெயர் சும்மா வரவில்லை. சின்ன ஸ்டேஷன், ஒலிபெருக்கி வாங்கித்தர மேலிடத்துக்கு மனசு இல்லை. முந்தின ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பியதாக மணி அடித்ததும், இவள் சமையலறை ஜன்னலைத் திறந்து, "கிளம்பிட்டான், கிளம்பிட்டான்" என்று ஒரு குரல் கொடுப்பாள். தெருக்கோடியில் பாதி முகம் மழித்திருப்பவன்கூட மீதியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவான். அந்தக் குரலுக்கு அவ்வளவு மரியாதை. பின்னால் வந்த வினைக்கும் அந்த மரியாதைதான் காரணம். அதை அப்புறம் பார்ப்போம்.

வண்டி நின்று பதினாலு வருஷம் ஆகிறது. ஸ்டேஷன்காரர் மட்டும் காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கையில் டீயோடு வாசலுக்கு வந்து நிற்பார். எதிரே புல் மண்டிய பிளாட்பாரம். அதற்கு அப்பால் துரு ஏறிய தண்டவாளம், நடுவே ஆள் உயரத்துக்குச் செடி. ஒரு நிமிஷம் நிற்பார். வண்டி போய்விட்டது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டாரோ என்னவோ, உள்ளே போய்விடுவார்.

அன்றைக்கும் நின்றார். இவள் மனுவோடு பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, ஒரு கையெழுத்து."

"வேண்டாம்."

"ஏன்னு சொல்லிட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

"பேனாவுல மை இல்ல."

"என் பேனாவுல இருக்கு."

"அது எனக்குப் பழக்கமில்லாத பேனா."

"கல்யாணத்தப்ப நானும்தான் உங்களுக்குப் பழக்கமில்லாத ஆளு. மாட்டேன்னா சொன்னீங்க?"

அவர் டீயைக் குடித்தார். சூடு ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கா? நான் பெத்தது. உங்களுக்கும் அதுல பங்கு உண்டு."

"நேத்துதானே போன்ல பேசின."

"பேசினேன். முகமும் தெரிஞ்சுது. தலைக்கு எண்ணெய் வச்சாளா இல்லையான்னு தொட்டுப் பார்த்தாதானே தெரியும். அந்தக் கண்ணாடிக்குள்ள கையை விட முடியுதா?"

மகளை அவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுத்தது ரயிலை நம்பித்தான். நாலு ஸ்டேஷன் தாண்டி, ஆற்றுப் பாலம் தாண்டி, மில் ஊர். ஐம்பது நிமிஷம். கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் புதன்கிழமைதோறும் எட்டுப் பத்து வண்டியில் போய், மகள் வீட்டுச் சமையலைக் குறை சொல்லி, அவள் மாமியாரோடு ஒரு ஆட்டம் வாய்ச்சண்டை போட்டு, மாலை வண்டியில் திருப்தியாகத் திரும்பி வருவாள். பிறகு வண்டி நின்றது. பஸ்ஸில் போவதென்றால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும், மூன்று மணி நேரம். அதையும் செய்தாள். முழங்கால் போனதும் பஸ் படி எட்டவில்லை. கண்டக்டர் கையைக் கொடுத்து இழுக்க, பின்னாலிருந்து ஒருவர் தள்ள, "மூட்டைக்குத் தனி டிக்கெட்டா" என்று எவனோ கேட்க, அன்றோடு சரி. அது நடந்து இரண்டு வருஷம். மகளுக்கு மில்லில் ஷிப்டு, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். அவளாலும் வர முடியவில்லை. "அந்தக் கிழவியோட சண்டை போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, வாயே துருப்பிடிச்சுப்போச்சு" என்று இவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

ரயில் பிளாட்பாரத்துக்குச் சமமாக வந்து நிற்கும். படி ஏற வேண்டியதில்லை. ஒரு எட்டு வைத்தால் உள்ளே. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு எட்டு.

ரயில் மீட்புக் குழுவுக்குச் செயலாளர் தையல்காரர். ஆபீஸும் அவர் கடைதான். மனு, தபால் ரசீது, வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் தைக்காத துணிகளுக்கு அடியில் கிடக்கும். யாராவது சட்டை கேட்டு வந்தால் மனு வெளியே வரும், மனு கேட்டு வந்தால் சட்டை வெளியே வரும். ரயில் ஓடிய காலத்தில் அவர் கடையில் உட்கார்ந்ததே இல்லை. காலை வண்டியில் ஏறி, மில்லுக்குப் போகிறவர்களை ஓடும் பெட்டியில் நிற்க வைத்து அளவெடுப்பார். மறுவாரம் அதே பெட்டியில் சட்டையைக் கொடுப்பார். பாலத்தில் வண்டி குலுங்கும்போது அளவு கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு கை நீளமாக வரும். "நீங்க பாலத்துல கொடுத்த ஆளு" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். இரண்டாம் பெட்டியில் பால்காரரின் கேன்கள் வரிசையாக உட்கார்ந்து வரும். மூன்றாம் பெட்டியில் சீட்டாட்டம். ஒரு ஆட்டம் முடிவதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று, அடுத்த ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. இன்றைக்கு அதே ஆட்கள் தையல் கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளின் வாசனையைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்கிறவனுக்கு என்னமோ சந்தனப் பெட்டி என்று தோன்றும். உண்மையில் அது டீசலும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கடை போதாதென்று பழைய ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் கூடினார்கள். வெளியே மழை. கூரையில் மூன்று ஓட்டை, மூன்றுக்கும் பால்காரர் கேன் வைத்திருந்தார். மைக்கக்காவுக்கு மட்டும் மர பெஞ்சு. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து நின்று, கடிதத்தைத் தொண்டை செருமிப் படித்தார்.

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி பாதை மூடப்படுவதற்கு முன் ஒரு வார காலம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, தங்கள் நிலையத்தில் பயணம் செய்தோர் நாளொன்றுக்குப் பதினோரு பேர். பதினோரு பேருக்காக வண்டி இயக்குவது சாத்தியமில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

"பதினொண்ணா?" என்றார் பால்காரர். "என் கேனே பன்னெண்டு ஏறும்."

"நானூறு பேர் போனோம்யா. தொங்கிட்டுப் போனவனைக் கணக்குல சேர்க்காமலே நானூறு."

"போனோம். டிக்கெட் எடுத்தோமா?" என்றார் சலவைக்காரர். அவருக்குப் பயமில்லை, ஏறவே இல்லாதவர்.

டிக்கெட் எடுப்பது அந்த ஊரில் பழக்கமில்லை. ஆரம்பத்தில் எடுத்தார்கள்தான். ஸ்டேஷன்காரர் ஒற்றை ஆள். ஜன்னலில் டிக்கெட் கொடுப்பவரும் அவர், மணி அடிப்பவரும் அவர், ஓடிப்போய்க் கொடி காட்டுபவரும் அவர். வண்டி நிற்பதோ ஒரு நிமிஷம். வரிசையில் பாதிப் பேர் நிற்கும்போதே ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொடிக்கு ஓடுவார். மீதிப் பேர், "நாளைக்கு எடுத்துக்கலாம் சார்" என்று ஏறிவிடுவார்கள். அந்த நாளை பல வருஷமாக வரவில்லை. கடைசியில், யாராவது ஜன்னல் பக்கம் போனாலே, "என்ன, தூரப் பயணமா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"எடுக்கலை, ஒத்துக்கறேன்" என்றார் தையல்காரர். "ஆனா வண்டிக்குள்ள ஆளையும் எண்ணினாங்கன்னு கீழ எழுதியிருக்கே. தலைக்கு என்ன டிக்கெட் வேண்டிக்கிடக்கு? தலை எங்க போச்சு?"

பால்காரர் நெற்றியைத் தேய்த்தார். "இருங்க, இருங்க. அந்த வாரமா? அந்த வாரம் யாரும் வண்டியில போகலையே. நான் கேனைச் சைக்கிள்ல கட்டி ஆத்துப் பாலத்துல தள்ளிட்டுப் போனேன். பாதி வழியில கவிழ்ந்து மீனுக்கெல்லாம் பால். ஞாபகம் இருக்கு. செக்கிங் வராங்க, பிடிச்சா அபராதம்னு பேச்சாச்சே."

"ஆமா. நானும் லீவு போட்டேன்."

"நாங்க லாரியில போனோம்."

"யாரு சொன்னா செக்கிங்னு?"

கேள்வி ஒவ்வொருவர் மேலாகச் சுற்றி வந்தது. பால்காரர் ஒரு தடவை பெஞ்சைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணைக் கேன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது.

மைக்கக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் சாப்பிட்டுக்கொண்டே, "நாளையிலிருந்து ஒரு வாரம் மேலிடத்து ஆளுங்க வராங்க. எண்ணப் போறாங்க" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவள் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மேலிடத்து ஆட்கள் என்ற வார்த்தை மட்டும்தான் அவள் காதில் போனது. மீதியை அவளுடைய கருணை நிரப்பிக்கொண்டது. பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள், அபராதம் கட்ட எங்கே போவார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். மறுநாள் இவர் வாசல் வாசலாக நின்று, "ஒரு வாரம் மட்டும் டிக்கெட் எடுத்து ஏறுங்கப்பா" என்று கெஞ்சியதையும், ஊர் கண்ணடித்து, "புரிஞ்சுது சார், அக்கா சொல்லிட்டாங்க" என்று சிரித்ததையும் அவளே ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஆபத்தில் கைகொடுத்த பெருமை அவளுக்கு ஒரு மாதம் இருந்தது. அடுத்த மாதம் வண்டி நின்றது. இரண்டுக்கும் முடிச்சு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் அப்போது வாசலில், அவளை அழைத்துப் போகக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"செக்கிங்னு அவகிட்ட நான்தான் சொன்னேன்" என்றார்.

"சார்," என்றார் தையல்காரர், "உங்க ஸ்டேஷனுக்கு நீங்களேவா?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். மழை வலுக்குது. வாம்மா."

ஊர் வாயை மூட எந்த உலைமூடியும் போதாது. ஆனால் அன்றைக்கு அது தானாகவே மூடிக்கொண்டது. குடைக்குள் இருவரும் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மைக்கக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு நூறு அடி. நூறு அடி தூரம் அவள் பேசாமல் நடந்தது ஊர் அறிய அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து தலை துவட்டியபோதும் பேசவில்லை. அவரே அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அவள் அதையும் சொல்லவில்லை. அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது.

"டீ எப்படி இருக்கு?"

"எண்ண வராங்கன்னுதானே சொன்னீங்க."

"குடி. ஆறிடும்."

"எண்ணன்னுதான் சொன்னீங்க. செக்கிங்ங்கிறது என் வாயிலேருந்து வந்தது. உங்களுக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார்.

"எப்பத்திலிருந்து?"

"அந்தத் திங்கட்கிழமை எட்டுப் பத்திலிருந்து. பிளாட்பாரத்துல ஒரு நாய் மட்டும் நின்னுது."

"அதான் கையெழுத்துப் போடலையா?"

"மனு போனா பதில் வரும். பதில்ல அந்த வாரத்துக் கணக்கு வரும். கணக்கு வந்தா, யாரு சொன்னதுன்னு எவனாவது கேப்பான். மனு போகாம இருந்தா நல்லதுன்னு பார்த்தேன். நீயே தூக்கிட்டு அலைஞ்ச."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. எந்த நிலையிலும் சந்தேகம் கேட்காமல் விடுகிற பிறவி இல்லை.

"ஒருத்தரும் போகலைன்னா பதினொண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

ஸ்டேஷன்காரர் எழுந்து, அலமாரிக்கு மேலே கையை விட்டுத் துழாவி, ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்தார். மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். உள்ளே அட்டை டிக்கெட்டுகள், பதினொன்று பதினொன்றாக நூல் சுற்றிய ஏழு கட்டு. எல்லாம் மில் ஊருக்கு. எல்லாவற்றிலும் தேதி குத்தியிருந்தது. ஒன்றில்கூட டிக்கெட் பரிசோதகரின் துளை விழவில்லை.

"நானே எனக்குக் கொடுத்துக்கிட்டேன்" என்றார். "வண்டியில தலையை எண்ணினாங்க. ஸ்டேஷன்ல டிக்கெட்டை எண்ணினாங்க. எது அதிகமோ அதை எழுதிக்கிட்டாங்க. நல்ல மனுஷங்கதான்."

"அதென்ன பதினொண்ணு?"

"அந்த மாசச் சம்பளத்துல அவ்வளவுதான் முடிஞ்சுது."

அவள் ஒரு டிக்கெட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். தேதி குத்துகிற அந்த இரும்பு இயந்திரத்தின் 'டக்' சத்தம் காதில் கேட்டது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டேஷனிலிருந்து ஜன்னல் வழியாகக் கேட்கும். அந்த வாரம் அது நாளைக்குப் பதினொரு தரம் கேட்டதே. ஆள் நடமாட்டம் இருக்கிறதே, யாரடா இந்தத் தைரியசாலிகள் என்று நினைத்தது கூட நினைவிருக்கிறது.

"பதினாலு வருஷம். ஒரு தடவை திட்டியிருக்கலாம்ல?"

"திட்டினா நீ பேச்சை நிறுத்திடுவ."

"நிறுத்தினா உங்களுக்கு நிம்மதிதானே."

"வண்டிச் சத்தம் போச்சு. மணிச் சத்தம் போச்சு. உன் சத்தமும் போனா அப்புறம் நான் இந்த வீட்டுல எதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பேன்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தாள். "டீயில சர்க்கரை இல்ல" என்றாள்.

"அப்பாடா" என்றார் அவர்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மைக்கக்கா தையல் கடைக்குப் போய், படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "நேத்து எங்க வீட்டுக்காரர் சொன்னது பொய். அவர் எண்ண வராங்கன்னு சொன்னார். செக்கிங்னு ஊதினது நான். திட்டறவங்க வரிசையா வந்து திட்டிட்டுப் போங்க, நான் இப்படி உட்கார்ந்துக்கறேன்."

தவளை தன் வாயால் கெட்டதென்று பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குமேல் திட்ட ஆள் இல்லை. திட்டுவதென்றால், லாரியில் போனவன் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்ள வேண்டும்.

"இப்ப என்னக்கா பண்றது? பதினொண்ணுன்னு எழுத்துல இருக்கே" என்றார் தையல்காரர்.

"நாமும் எழுத்துல கொடுப்போம். போனவங்க எல்லாரும் போனோம்னு எழுதுங்க. டிக்கெட் இல்லாமதான் போனோம், அதனாலதான் உங்க கணக்குல வரலைன்னு எழுதுங்க. முதல்ல என்னை எழுது. ரெண்டு வருஷம், புதன்கிழமை புதன்கிழமை, மகள் வீட்டுக்கு. டிக்கெட் எடுத்ததே இல்ல. கொடுக்கிறவரே நம்ம ஆளு, அவர்கிட்டப் போய்க் காசை நீட்டினா சிரிப்பாங்கன்னு எடுக்கலை."

"அக்கா, எல்லாரையும் பிடிச்சு உள்ள போட்டுட்டா?"

"நானூறு பேரையா? ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்காவது ரயில் விட்டுத்தானே ஆகணும்."

கடையே குலுங்கிச் சிரித்தது. சிரித்த வாயோடு பால்காரர் பேனாவை வாங்கினார். "பத்தொன்பது வருஷம். நானும் என் பன்னெண்டு கேனும்." அப்புறம் நிற்கவில்லை. முதலில் கூச்சத்தோடு எழுதினார்கள், பிறகு போட்டிபோட்டு எழுதினார்கள். ஒருவர் ஆறு வருஷம் என்றால் அடுத்தவர், "நீ என்ன ஆறு, நான் எட்டு, அதுல ரெண்டு வருஷம் கூரை மேல" என்பார். தையல்காரர் ஓடும் வண்டியில் கடை நடத்தியதையும், பாலத்துச் சட்டைகளையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார். சலவைக்காரர் இரண்டு தடவை போனதாக எழுதினார். "நீங்கதான் ஏறினதே இல்லையே" என்று கேட்டதற்கு, "ஊரோட ஒத்துப் போறேன், விடுங்கப்பா" என்றார்.

சாயங்காலம் காகிதக் கட்டோடு அவள் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. அவரே பேனாவை எடுத்தார். கடைசித் தாளின் அடியில் நிதானமாக எழுதினார்: 'மேற்கண்டவை அனைத்தும் நான் பணியில் இருந்தபோது எனக்குத் தெரிந்தே நடந்தவை.'

அவள் அதைப் படித்துப் பார்த்தாள். "ஏங்க, பென்ஷன்ல கை வச்சிடப் போறாங்க."

"முப்பத்தோரு வருஷம் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்னேன். ஒரு தடவை பார்த்தேன்னு எழுதறேன். விடு."

பென்ஷன் அடுத்த மாதமும் வந்தது. ஐந்தாம் மாதம் மேலிடத்திலிருந்து ஓர் ஆள் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண். கையில் ஒரு படிவக் கட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடுகிற ஒரு சின்னக் கருவி. வண்டி விட்டால் யார் யார் போவீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் போக வந்திருக்கிறாளாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாளாம்.

ஊர் அன்றைக்கு விடிந்ததிலிருந்தே ஸ்டேஷனில் நின்றது. புல்லைச் செதுக்கியிருந்தார்கள். தண்டவாளத்து நடுவிலிருந்த செடிகளைப் பிடுங்கியிருந்தார்கள். வரிசை டிக்கெட் ஜன்னலிலிருந்து ஆரம்பித்துத் தெரு முனை திரும்பி, தையல் கடை தாண்டிப் போனது. அந்த ஜன்னலுக்கு வரலாற்றிலேயே அவ்வளவு நீள வரிசை நின்றதில்லை. ஜன்னலுக்கு உள்ளே ஸ்டேஷன்காரர், கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், பழைய முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் பழைய கடிகாரம்.

பெண் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டாள். எங்கே போவீர்கள், எதற்காக, டிக்கெட் எடுப்பீர்களா. மூன்றாவது கேள்வி வந்ததும் ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டு, "எடுப்போம்மா" என்றார்கள். அவளும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். மைக்கக்கா பெஞ்சு வேண்டாம் என்று வரிசையில்தான் நின்றாள். முறை வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

"எங்கம்மா போவீங்க?"

"மில் ஊருக்கு."

"எதுக்கு?"

"மகளைப் பார்க்க. அவ மாமியாரோட சண்டை போட. ரெண்டும் பாக்கி இருக்கு."

"டிக்கெட் எடுப்பீங்களா?"

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. மைக்கக்கா பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து ஜன்னல் பலகைமேல் வைத்தாள். பெண் மூடியைத் திறந்தாள். ஒரு கட்டை எடுத்து நூலைத் தள்ளி, தேதியைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தன் படிவத்தோடு இணைத்திருந்த பழைய கணக்குத் தாளைப் புரட்டி அந்த வாரத்தைப் பார்த்தாள். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. நிமிர்ந்து, ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பத்து ஆகியிருந்தது.

"எழுபத்தேழு இருக்கும்மா" என்றாள் மைக்கக்கா. "முதல்ல இது தீரட்டும். தீர்ந்ததும் எடுக்கறேன்."

பெண் கட்டைவிரலால் கருவியை ஒரு தடவை அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.